ஆற்றங்கரைக் கிழவிக்கு நான் கொடுத்த தமிழ்

எங்கள் வீட்டில் 'வேண்டாம்' என்ற சொல்லே கிடையாது. இன்னொரு தோசை போடட்டுமா என்று கேட்டால் பதில் 'நக்கோ'. வெயிலில் அலையாதே என்பதற்கு 'வெயில்ல அலைய நக்கோ'. ஆமாம் என்பது 'ஹவ்', ஏன் என்பது 'கைக்கு'. அம்மாவின் குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்து வேலைக்காக செகந்திராபாத் வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. வரும்போது கொண்டுவந்த 'இன்னா', 'வந்துகினு', 'போயிகினு' எல்லாம் பத்திரமாக இருந்தன. அவற்றின் மேல் தெலுங்கும் ஊர் இந்தியும் ஏறி உட்கார்ந்துகொண்டன. அம்மா இதைத் தமிழ் என்றுதான் நம்பினாள். கல்லூரிக்குப் போகும்வரை நானும் நம்பினேன்.

அம்மா பேகம்பேட்டில் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா போன பிறகு மாரெட்பள்ளி வீட்டில் தனியாக இருக்கிறாள். யார் எந்தப் பாஷையில் வந்தாலும் அந்தப் பாஷையிலேயே இறங்கிப் பேசுவாள். எல்லாவற்றையும் கொஞ்சம் உடைத்துத்தான் பேசுவாள், ஆனால் அவள் சொன்னது புரியவில்லை என்று யாரும் திரும்பி வந்ததில்லை. தமிழ் எழுதவோ படிக்கவோ தெரியாது. கான்வென்ட் படிப்பு. ஆங்கிலத்தில் தலையணை கனத்துக்கு நாவல்களைப் படித்துத் தள்ளுவாள். அதிலும் சரித்திர நாவல் என்றால் அன்றைக்குச் சமையல் ஒரு குழம்போடு நின்றுவிடும்.

நான் தமிழ் படிக்கச் சென்னைக்குப் போனேன். ஹாஸ்டலில் முதல் நாள் சாப்பாட்டு வரிசையில், சாம்பார் ஊற்ற வந்த அக்காவிடம் 'நக்கோ' என்றேன். அந்த வரிசை சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த ஹாஸ்டலில் என் பெயரே நக்கோதான். நான் பேச வாயைத் திறந்தாலே பக்கத்தில் இருப்பவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள். ஒரே வருடத்தில் என் பேச்சைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். மூன்றாம் வருடம் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினேன். லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் வாக்கியங்களைத் திருத்த ஆரம்பித்தேன். அவள் சிரித்துக்கொண்டே, 'சர்தான் போடி வாத்தியாரம்மா' என்று சொல்லிவிட்டு மறுபடியும் அப்படியே பேசுவாள். அவளுக்கு அதில் வெட்கமே இல்லை. எனக்கு அது ஆச்சரியமாகவும், உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகு ஹைதராபாத்துக்கே திரும்பி வந்தேன். அமீர்பேட்டில் குடியிருக்கிறோம். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதுவது என் தொழில். அது பாதி எழுத்து, பாதி தையல். திரையில் உதடு மூடுகிற இடத்தில் நம் சொல்லிலும் ப, ம, இரண்டில் ஒன்று வந்து உதட்டை மூட வேண்டும். அவர்கள் வாயை மூடிய பிறகு நம் வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. இவற்றை எல்லாம் விட முக்கியமான பழக்கம் ஒன்று உண்டு. மூலத்தில் ஒருவர் கொச்சையாகப் பேசினால், தமிழில் அவருக்கு ஓர் ஊர்ப் பேச்சைக் கட்டிவிட வேண்டும். குதிரைக்காரன் கோயம்புத்தூர்க்காரன் ஆகிவிடுவான். சாராயக் கடைக்காரனுக்கு வட சென்னை. கதாநாயகனும் கதாநாயகியும் மட்டும் எந்த ஊரும் இல்லாத தமிழ் பேசுவார்கள். யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதை, வசனம் புரிவதற்கு முன்பே அந்தப் பேச்சு சொல்லிவிடும். இதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்திருந்தேன்.

போன வருடம் ஒரு தொடர் வந்தது. நூற்றைம்பது வருடங்களுக்கு முந்தைய அமெரிக்க மேற்கு. மாட்டு வண்டிகளில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, சும்மா நிலம் கிடைக்கிறது என்று குடும்பம் குடும்பமாகப் புறப்படுகிறார்கள். அந்த நிலத்தில் ஏற்கெனவே மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் கதை. பெரிய சரித்திர நாவல் ஒன்றைத் தொடராக எடுத்திருந்தார்கள். அதில் ஒரு கிழவி வருவாள். அவளுடைய தகப்பன் தோல் வியாபாரம் செய்த வெள்ளைக்காரன், தாய் அந்த மண்ணின் பூர்வகுடி. வண்டிக்காரர்களுக்கு வழி காட்டவும், இரண்டு பக்கமும் பேசிப் புரியவைக்கவும் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நாலு பாஷைகளைக் கலந்து பேசுகிறவள். அந்த வேடத்தில் நடித்த அம்மாள் முகத்தைக் கல் போல வைத்துக்கொண்டு, குறைவாக, மெதுவாகப் பேசினார்.

எந்தத் தொடரில் வேலை செய்கிறோம் என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். அம்மாவிடம் சொன்னேன். அவள் அந்த நாவலை வரவழைத்து, நான் முதல் பாகத்தை முடிப்பதற்குள் படித்தே முடித்துவிட்டாள். அதன் பிறகு சாயங்காலம் போன் வந்தால் முதல் கேள்வியே, அந்தக் கிழவி வந்துவிட்டாளா என்பதுதான். ஊர்க்கதைபோல அவளைப் பற்றிப் பேசுவாள். நான் படிக்கவில்லை. எனக்குக் கொடுத்தது வசனமும் நேரக் குறிப்பும்தான், அதை முடிக்கவே மூச்சு முட்டியது.

"ஜரா பாத்து எழுதுடி," என்றாள் ஒரு நாள். "அவதான் எல்லாரையும் அந்தாண்ட கொண்டுபோய் சேக்கிறா."

சரிம்மா சரிம்மா என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் இரண்டு பாகங்களின் வசனத்தைப் படித்துவிட்டு டப்பிங் அலுவலகத்திலிருந்து கருத்து வந்தது. கதை ரொம்ப கனமாக இருக்கிறது, நம் ஆட்கள் தாங்க மாட்டார்கள், சிரிப்பதற்கு யாராவது வேண்டும். அந்தக் கிழவியைக் கொஞ்சம் கலகலப்பாக்க முடியுமா என்று கேட்டார்கள். கோவை, மதுரை, நெல்லை எல்லாவற்றையும் ஏற்கெனவே வண்டிக்காரர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருந்தேன். மிச்சம் எதுவும் இல்லை. தமிழும் இல்லாமல் வேறு பாஷையும் இல்லாமல் ஒன்று வேண்டும் என்று யோசித்தபோது, யோசிக்கவே தேவையில்லாமல் கை எழுத ஆரம்பித்தது. 'கைக்கு வந்துகினு கீறே?', 'ஹவ் ஹவ், ஜல்தி நட.' ஒரு பகல் பொழுதில் கிழவியின் எல்லா வசனத்தையும் எழுதி முடித்துவிட்டேன். அலுவலகத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எப்படி இப்படி ஒரு பாஷையைக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்வதில் அர்த்தம் இல்லை.

கிழவிக்குக் குரல் கொடுக்க வந்தவர் சென்னைக்காரர், நல்ல கலைஞர். ஆனால் அந்த வசனத்தை அவர் செய்தி வாசிப்பதுபோலப் படித்தார். இந்த ஊர்ப் பேச்சை நான் கேட்டதே இல்லை, யாராவது பேசி ஒரு சாம்பிள் கிடைக்குமா என்று கேட்டார். ஏற்பாடு செய்கிறேன் என்றேன்.

அன்றைக்கு மதியமே அம்மாவுக்குப் போன் செய்து, பேச்சு பதிவாகும்படி வைத்துக்கொண்டேன். பதிவாவதை அவளிடம் சொல்லவில்லை. ஏதாவது பேசும்மா, அந்தக் கிழவிக்காகத்தான், நீ பேசினால் எனக்கு எழுத வரும் என்றேன். அது பாதி உண்மை. அம்மாவின் குரல் மாறிவிட்டது. அவ்வளவு நாள் நான் காது கொடுக்காத விஷயத்தை நானே கேட்கிறேன் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். அப்படியென்றால் இதைச் சொல்கிறேன் கேள் என்று ஆரம்பித்தாள்.

நான் பிறப்பதற்கு முன் நடந்தது. ஒரு மழைக்காலம். அலுவலகப் பஸ் பேகம்பேட் நாலா என்கிற பெரிய சாக்கடைக் கால்வாய் அருகே நின்றுவிட்டது. ரோடு எது, நாலா எது என்று தெரியாமல் தண்ணீர் போகிறது. பஸ்ஸுக்குள் முழுக்கப் பெண்கள். டிரைவர் இருக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் இறங்கியிருக்கிறாள். எதிரே நின்ற லாரிக்காரரிடம் இந்தியில் கெஞ்சி, வண்டியைத் தண்ணீருக்குக் குறுக்கே நிறுத்த வைத்தாள். கான்ஸ்டபிளிடம் தெலுங்கில் சத்தம் போட்டுக் கயிறு வாங்கினாள். அழுதுகொண்டிருந்த ஓர் அதிகாரியின் மனைவியை ஆங்கிலத்தில் அதட்டினாள். கடைசியில் படியிலேயே நின்றுவிட்டவள் அம்மாவின் சிநேகிதி. அப்போது நிறைமாதம். கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக் கால் எடுக்க வரவில்லை அவளுக்கு. அம்மா முந்தானையை அவள் கையில் கொடுத்துச் சொல்லியிருக்கிறாள்.

"தண்ணியப் பாக்க நக்கோடி. என்னப் பாத்துகினு வா."

எல்லோரும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அவ்வளவுதான் என்று முடித்தாள் அம்மா. அந்தக் கிழவி ஆற்றில் செய்வதும் இதுதான், அதனால்தான் அவளை எனக்குப் பிடித்தது என்றாள்.

அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் என்ன நினைத்தேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான்காம் பாகத்தில் கிழவி குழந்தைகளை ஆற்றுக்குள் நடத்திக்கொண்டு போகும்போது ஒரு வரி வருகிறது. அம்மாவின் வரியிலிருந்து அந்த 'டி'யை எடுத்துவிட்டால், நீளம் சரியாக அங்கே உட்காரும். உதடு மூடுகிற இரண்டு இடங்களிலும் 'ப' வந்து விழுகிறது. நல்ல துணி கிடைத்த தையற்காரியின் சந்தோஷம்தான் எனக்கு வந்தது.

ரெக்கார்டிங் அன்று பதிவைப் போட்டுக் காட்டினேன். அம்மாவின் குரல் அந்தக் கண்ணாடி அறைக்குள் பெரிதாகக் கேட்டது. 'லாரிவாலா கிட்ட போயி' என்று அவள் ஆரம்பித்ததுமே சவுண்ட் என்ஜினியர் சிரித்துவிட்டார். குரல் கலைஞர் கெட்டிக்காரர், ஒரு தடவை கேட்டதும் ராகத்தைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததை இரண்டு மடங்காக்கினார். 'நக்கோ'வை இழுத்து ஒரு கீச்சு வைத்தார். கடைசியில் மூக்கால் ஒரு உறிஞ்சல். அறையே குலுங்கியது. நானும் சிரித்தேன். யார் மேடம் இந்த அம்மா என்று அவர் கேட்டார்.

"எங்க ஏரியாவுல ஒரு அம்மா," என்றேன்.

அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ஹாஸ்டலில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு கற்றுக்கொண்ட வேகம் அது.

தொடர் வெளியான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கூப்பிட்டாள். சேர்ந்து பார்க்க வேண்டும் என்று அதுவரை பார்க்காமல் வைத்திருந்தாள். மிளகாய் பஜ்ஜி போட்டிருந்தாள். அவளுடைய சிநேகிதியும் வந்திருந்தார், அன்றைக்குப் பஸ் படியில் நின்ற அதே அம்மாள். அவர் ஓரளவு தமிழ் படித்தவர். டைட்டில் ஓடும்போது என் பெயர் வருகிறதா என்று அம்மா அவரைப் பார்க்கச் சொன்னாள். வந்தபோது அவர் விரலால் காட்டினார். அம்மா எழுந்து போய், படிக்கத் தெரியாத அந்த எழுத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கதாநாயகியின் தமிழ் அவளுக்குப் பாதிதான் புரிந்தது. 'இவ்ளோ நல்லா எழுதிருக்கியே' என்று நடுநடுவே என் முழங்காலைத் தட்டினாள். நான் எழுந்து ஓடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போய்விடாதா என்றுகூட ஆசைப்பட்டேன். கரண்ட் போகவில்லை, கிழவிதான் வந்தாள்.

அவள் வாயைத் திறந்ததும் சிநேகிதி பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அய்யோ இது நீதான்டி, அச்சு அசல் நீயேதான் என்று அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். அம்மாவும் சிரித்தாள். முதலில் நிஜமாகவே சிரித்தாள். தன் பேச்சு டிவியில் வருகிறது என்ற அதிசயத்தில் வந்த சிரிப்பு. அப்புறம், கிழவி பேசும்போதெல்லாம் திரையில் இருக்கிற யாரும் சிரிக்கவில்லை, பார்க்கிற நாம் மட்டும் சிரிக்கிறோம் என்பது அவளுக்கு எங்கேயோ உறைத்திருக்க வேண்டும். சிரிப்பு மெல்ல நின்றது. பார்வை மட்டும் திரையில் இருந்தது.

நான்காம் பாகத்தில் ஆறு வந்தது. குழந்தைகள் கரையில் நின்று அழுகிறார்கள். கல் போன்ற அந்த முகம் திரும்பி அவர்களைப் பார்க்கிறது. அந்த முகத்திலிருந்து ஒரு கீச்சுக் குரல்: 'தண்ணியப் பாக்க நக்கோஓஓ, என்னப் பாத்துகினு வா.' பிறகு அந்த மூக்குறிஞ்சல்.

சிநேகிதி சிரிக்க வாயைத் திறந்து, அப்படியே நிறுத்திக்கொண்டார். அவருக்கு அந்த வரி தெரியும். அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்த வரி. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், புடவையைச் சரிசெய்துகொண்டார். பஜ்ஜி ஆறிப்போச்சு என்று சொல்லிவிட்டு அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நானும் பின்னாலேயே போனேன். அடுப்பைப் பற்றவைக்காமல் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். கோபமாக இருப்பாள் என்று எதிர்பார்த்தேன். கோபம் இல்லை. முகம் சிவந்திருந்தது. ஹாஸ்டல் கண்ணாடியில் நான் தினமும் பார்த்த முகம்தான் அது, அம்மாவிடம் அதை நான் பார்த்ததே இல்லை.

"நா பேசறது உனக்கு அப்டியாடி கேக்குது?" என்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அல்லது ஆமாம் என்று சொல்லிக் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் சொன்னது, அந்த கேரக்டர் அப்படிம்மா, ஆபீஸில் கேட்டார்கள் என்று. அதற்கும் மேலே போய், எல்லோருக்கும் ரொம்பப் பிடித்திருக்கிறது என்றும் சொன்னேன். அம்மா தலையை ஆட்டினாள். உள்ளே போய் அந்த நாவலை எடுத்துவந்து என் கைப்பையில் வைத்தாள்.

மெட்ரோவில் போகவர அதைப் படித்தேன். கிழவிக்கு அதில் ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது. வண்டிக்காரர்களின் பிள்ளைகள் மாலையில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து அவளைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள். அவள் சற்றுத் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எல்லாம் கேட்கிறது. பெரியவர்கள் பிள்ளைகளை அதட்டுவதில்லை, அவர்களுக்கும் சிரிப்பு வருகிறது. பிறகு ஆறு. அதே பிள்ளைகள், அதே பேச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேருகிறார்கள். தொடர் எடுத்தவர்கள் நெருப்பைச் சுற்றிக் கேலி செய்யும் காட்சியை வெட்டிவிட்டார்கள். நேரம் போதவில்லையோ, அவர்களுக்கே கூச்சமோ தெரியாது. அவர்கள் நீக்கிய கேலியை நான் தமிழில் திரும்பச் சேர்த்துவிட்டேன். அமீர்பேட் ஸ்டேஷன் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த பெண் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். கிழவியின் வசனத்தை மாற்றி எழுதித் தருகிறேன், கூலி வேண்டாம், மறுபடி ரெக்கார்ட் செய்யலாமா என்று. வேலை முடிந்து போய்விட்டது, யாராவது இந்தக் கிழவியை மாற்றுவார்களா, அவள்தானே இப்போது ஹிட் என்று சிரித்தார்கள். அது உண்மைதான். அவளுடைய துண்டுகள் எல்லோர் போனிலும் சுற்றின. எங்கள் அபார்ட்மென்ட் லிப்டில், தமிழே ஒழுங்காக வராத பிள்ளைகள் 'பாக்க நக்கோஓஓ' என்று இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்கள். ரெக்கார்டிங் அன்று அனுப்பியிருந்த பதிவையாவது அழித்துவிடுங்கள் என்று குரல் கலைஞருக்குப் போன் செய்தேன். அந்த அம்மா குரல் சூப்பர் மேடம், அடுத்த சீசனுக்காக அடிக்கடி கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவரைப் பார்த்தால் என் நன்றியைச் சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அப்போதும் அது என் அம்மா என்று சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அம்மா போனில் வேறு மாதிரி பேச ஆரம்பித்தாள். முதலில் எனக்குப் பிடிபடவில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் நிறுத்தினாள். "சாப்பிட்டாயா? மாப்பிள்ளை... நலமாக இருக்கிறாரா?" என்று கேட்டாள். தமிழ்ச் செய்தி சேனலைத் தினமும் பார்க்கிறாள் என்று பிறகு தெரிந்தது. ஏதாவது சொல் வராமல் நின்றால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். 'ஜல்தி' என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, 'சீக்கிரமாக' என்று தேடிப் பிடித்துச் சொல்வாள். சொல்லிவிட்டு, சரிதானே என்று என்னைக் கேட்பாள். எனக்குப் பிடித்த புளிக்குழம்பை வைத்து அனுப்புவது நிற்கவில்லை. என் மேல் வருத்தம் என்று எதையும் காட்டவில்லை. காட்டியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஒரு நாள் சிநேகிதி எனக்குப் போன் செய்தார். என்னிடம் பேசும்போது பழையபடிதான் பேசுகிறாள், உன்னிடம்தான் பயப்படுகிறாள் என்றார். தன் பேச்சால் மகளுக்கு நாலு பேர் முன்னால் அவமானமாக இருந்திருக்கிறது, இத்தனை வருடம் தனக்கு அது தெரியாமல் போய்விட்டது என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்கு இல்லாமல் இருந்த ஒரே விஷயம் அந்த வெட்கம். சென்னையிலிருந்து நான் பொத்திப் பொத்திக் கொண்டுவந்த அதை, இத்தனை வயதுக்கு மேல் அவள் கையில் கொடுத்துவிட்டேன். அவள் அதையும் என்னிடமிருந்து வந்தது என்பதால் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் சொல்லாமல் மாரெட்பள்ளிக்குப் போனேன். கேட்டுக்குள் நுழையும்போதே அம்மாவின் குரல் வெளியே கேட்டது. முன்னறையில் சிநேகிதியோடு உட்கார்ந்து யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தாள். இன்னாவும் ஹவ்வும் கைக்குவும் தாராளமாக உருண்டு வந்தன. நடுவில் தெலுங்கு, அதற்கு மேல் ஒரு சிரிப்பு. எவ்வளவு வேகமாகப் பேசுவாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டேன். மேலே எங்கேயோ கதவு அடித்த சத்தத்தில் அம்மா திரும்பினாள்.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வாயில் பாதி வந்துவிட்ட ஏதோ ஒரு சொல் அங்கேயே நின்றது. எழுந்து நின்று, புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"வாம்மா. உள்ளே வா. தண்ணீர் குடிக்கிறாயா?"

வீட்டுக்கு வந்த அதிகாரியை வரவேற்பதுபோல இருந்தது. இனி நான்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று தோன்றியது. ஹாஸ்டலில் சேர்ந்த வருடத்துக்குப் பிறகு நான் அந்தப் பேச்சைப் பேசியதே இல்லை. எழுதத்தான் எழுதியிருக்கிறேன், எழுதிக் கூலி வாங்கியிருக்கிறேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"ஹவ்மா. தோடா தண்ணி குடு," என்றேன்.

வந்தது என் குரல்தான். ஆனால் இழுப்பும் கீச்சும் அந்தக் குரல் கலைஞருடையவை. அந்த அறையில் எத்தனையோ தடவை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டது எனக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிநேகிதி தரையைப் பார்த்தார். அம்மா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். விடக் கூடாது என்று மறுபடியும், கைக்குமா இப்படிப் பேசுறே, என்கிட்டயும் பழையபடி பேசும்மா என்றேன். அதுவும் கேலி போலத்தான் காதில் விழுந்தது.

அம்மா காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வேண்டாம்மா," என்றாள்.